கேட்டைத் தாண்டாத சாயங்காலம்

காத்தவராயன்: ரெண்டு லாரியா?

வச்சலா: ஆமாய்யா, நேத்து ரெண்டு லாரி எறா. உரிச்சு முடிக்க எட்டு மணி ஆயிடுச்சு. எத்தினி வாட்டி கேப்ப? நவுரு, கம்பெனிக்கு நேரமாவுது.

காத்தவராயன்: நேத்து அடிச்ச காத்துக்கு ஒரு கட்டுமரம் கூட கடல்ல எறங்கல. நானே நாள் பூரா வூட்ல படுத்துகினு கெடந்தேன். எறா இன்னா, நடந்து வந்துச்சா?

வச்சலா: கடப்பாக்கத்துலேர்ந்து வந்துது.

காத்தவராயன்: அங்க மட்டும் காத்து அடிக்கலியாமா?

வச்சலா: அங்க… அங்க அவ்ளோவா அடிக்கலியாம்.

காத்தவராயன்: எம் மூஞ்சப் பாத்து சொல்லுமே. பொய் சொல்றதுக்கும் ஒரு ராசி வேணும், உனக்கு அது கெடையாது.

வச்சலா: சரி, சொல்றேன். ஆனா கத்தக் கூடாது. நாலு பேரக் கூட்டிகினு அடிக்கப் போவக் கூடாது. அடிதடி கேஸுன்னு உங்கள உள்ள போட்டு, எங்க கதைய அப்டியே மூடிருவாங்க.

காத்தவராயன்: இங்கயே குந்திகினு கீறேன். சொல்லு.

வச்சலா: கேட்ல சாயங்காலம் செக்கிங் நடக்குதில்ல… எவளாவது எறாவ மடியில கட்டிகினு போறாளான்னு.

காத்தவராயன்: தெரியுமே. சூப்பர்வைசர் கோதண்டராமன் நிப்பான்.

வச்சலா: அவந்தான். மடிய ஒதறிக் காட்டுறோம், அது போதாதாம். கைய வெச்சுத்தான் பாப்பானாம். இடுப்புல, ரவிக்கைல… அவன் தேடினது எறா இல்லய்யா. இதுக்கு மேல என் வாயால சொல்ல வெக்காத.

காத்தவராயன்: எத்தினி நாளா?

வச்சலா: ஆறு மாசமா.

காத்தவராயன்: உன்னையுமா?

வச்சலா: கேட்டத் தாண்டாம வூட்டுக்கு வர வேற வழி கீதா?

காத்தவராயன்: ஆறு மாசமா… எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே வச்சலா.

வச்சலா: சொன்னா நீ இன்னா சொல்லுவ? ‘நாளையிலேர்ந்து போவாத’ம்ப. தப்பு பண்ணவன் கேட்ல ஜம்முனு நிப்பான், நான் வூட்ல மொடங்கிக் கெடக்கணும். இன்னா நாயம் இது?

காத்தவராயன்: அவன் கைய தட்டி வுட வேண்டியதுதான?

வச்சலா: பூவாயி தட்டி வுட்டா. மறுநாளே அவளுக்கு ஐஸ் ஒடைக்கிற வேல. வெரலெல்லாம் வெடிச்சுப் போச்சு. அதப் பாத்துட்டு அப்பால எவ தட்டுவா? பல்லக் கடிச்சுகினு வந்துகினு இருந்தோம். பழகிப் போச்சுன்னு வேற ஒருத்திக்கொருத்தி சொல்லிகினோம்… த்தூ!

காத்தவராயன்: அப்ப நேத்து மட்டும் இன்னா ஆச்சு?

வச்சலா: புதுசா ஒரு பொண்ணு, பேரு வேண்டா, வேலைக்கு வந்து நாலு நாள்தான் ஆவுது. எட்டாவது படிச்சிருக்குது. முந்தாநேத்து செக்கிங் முடிஞ்சு வெளிய வந்து மணல்ல குந்திகினு அழுதுது. ‘இங்க இதுதான் வழக்கமாக்கா?’ன்னு கேட்டுது. எங்களுக்கு செவுட்ல அறஞ்ச மாரி ஆயிடுச்சு.

காத்தவராயன்: ஒடனே ஸ்டிரைக்கா?

வச்சலா: எமர்ஜென்சில ஸ்டிரைக்கா? புடிச்சு உள்ள போட்டுருவான். நாங்க வேலைய நிறுத்தல. இருந்த எறா மொத்தத்தையும் உரிச்சோம், கைய கழுவினோம். அப்பால வூட்டுக்குப் போவாம ஷெட்லயே குந்திகினோம். நாப்பத்திரெண்டு பேரும்!

காத்தவராயன்: வூட்டுக்குப் போவ மாட்டேன்னு ஒரு போராட்டமா? ஹஹா… புருசன்காரனுக்கு சோறு?

வச்சலா: சிரிக்காத. அந்த ஆளு நிக்கிற வரிக்கும் கேட்டாண்ட வர மாட்டோம்னுட்டோம். ‘எழுந்து போங்கடி’ன்னு கத்துனான். ஒருத்தி அசையல. செவுத்துல ஒரு நோட்டீஸு ரொம்ப நாளா ஒட்டிகினு கீது, வேண்டாதான் அதப் படிச்சா. ராவு ஏழு மணிக்கு மேல பொம்பளைங்க வேலையிடத்துல இருந்தா கம்பெனி மேல கேஸு வருமாம். மணி ஆவ ஆவ மேனேஜருக்கு வேர்த்து ஊத்துது!

காத்தவராயன்: மொதல்ல குந்தினது யாரு?

வச்சலா: செங்கம்மா.

காத்தவராயன்: அதுக்கு முட்டி வலியாச்சே. குந்துனா எழுப்பி வுட ரெண்டு ஆளு வேணும்.

வச்சலா: அதான் எழுந்திரிக்கல.

காத்தவராயன்: சரி, மேனேஜர்கிட்ட பேசுனது?

வச்சலா: பூவாயி.

காத்தவராயன்: பூவாயியா? அது புருசன் சடையன்கிட்டயே வாயத் தொறக்காதே…

வச்சலா: யோவ், நீ இன்னா போலீசா? யாரு பேசுனா இன்னா? செக்கிங்னா இனிமே பொம்பளதான் பண்ணணும், ஆம்பள கை எங்க மேல படக் கூடாது. எதுத்துக் கேட்டவளுக்கு ஐஸ் வேலன்னு பழி வாங்கக் கூடாது. அந்த ஆளு கம்பெனிலயே இருக்கக் கூடாது. எல்லாத்தையும் எழுதிக் குடுன்னு கேட்டோம். ‘நாளைக்குப் பாக்கலாம்’னாரு. ‘அப்ப நாளைக்கு வரிக்கும் இங்கயே கீறோம்’னு சொல்லிட்டோம்.

காத்தவராயன்: குடுத்தாரா?

வச்சலா: குடுக்காம? கையெழுத்து போட்டு, சீலு குத்தி! வேண்டா அத சத்தமா படிச்சுக் காட்டுனா. அப்பால கோதண்டராமன் சைக்கிள தள்ளிகினு கேட்டு வழியா போனான். நாங்க ரெண்டு பக்கமும் நின்னு பாத்தோம். ஒருத்தி திட்டல, ஒருத்தி தொடல. அவனால தலையத் தூக்க முடியல. எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா? பொறந்ததுலேர்ந்து நான் அப்டி நின்னதில்லய்யா.

காத்தவராயன்: நாளைக்கு இன்னொருத்தன் அப்டி வந்தா?

வச்சலா: இனிமே எந்தப் பொண்ணு புதுசா வந்தாலும் மொத நாளே சொல்லிருவோம். எவனாவது கைய வெச்சா வெக்கப்படாத, சத்தம் போடு, தப்பு உம்மேல இல்ல, நாங்க கூட கீறோம்னு.

காத்தவராயன்: கடைசியா கேக்கறேன். இதுக்கெல்லாம் மொத ஆளு யாருமே?

வச்சலா: நாந்தான்யா! மொதல்ல குந்தினதும் நாந்தான், மேனேஜர்கிட்ட பேசுனதும் நாந்தான். லாரியும் வரல, ஒரு மண்ணும் வரல. இப்ப இன்னா, ‘போதும், வூட்டோட கெட’ன்னு சொல்லப் போற, அதான? சொல்லிக்கோ. நான் வேலைக்குப் போவத்தான் போறேன்… இன்னாய்யா, சிரிக்கற?

காத்தவராயன்: நேத்து சாயங்காலம் நான் வூட்ல இல்ல வச்சலா, நாள் பூரா படுத்துகினு கெடந்தேன்னது பொய்யி. ஒருத்தியும் திரும்பி வரலன்னதும் ஆம்பளைங்க பதினஞ்சு பேரு கம்பெனி வேலியாண்ட வந்துட்டோம். சடையன் கையில துடுப்பு. ஓலத் தட்டிக்கு அந்தாண்ட உங் கொரலு கேட்டுது… ‘எழுதிக் குடுக்காம ஒருத்தி எழுந்திரிக்க மாட்டா’ன்னு. உள்ள பாயப் போனவனுங்கள நாந்தான் புடிச்சு இழுத்தாந்து சவுக்குத் தோப்புல குந்த வெச்சேன். ‘எம் பொண்டாட்டி பேசிகினு கீறா, ஒருத்தனும் குறுக்கப் போவாத’ன்னேன்.