நூற்றுப் பன்னிரண்டு படிகள்

என் பெயரில் பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது பாக்கி இருந்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, நான் மறைத்தேன் என்று சொல்ல வேண்டாம். கடன் என்று இதைச் சொல்ல மாட்டேன். கடன் என்றால் நான் போய்க் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். இது, எங்கள் கட்டடத்தின் வெளிச்சுவரில் யாரையும் கேட்காமல் ஒட்டிய அலங்காரத் தகடுகளுக்கு என் வீட்டின் பங்கு.

விசாரணை அதிகாரி ஐயா, என் மனைவியின் வாக்குமூலத்தில் ஒரு வரிக்கு விளக்கம் கேட்டிருந்தீர்கள். தீப்பிடித்த அன்று, "என் வீட்டுக்காரர் என்னைக் கீழே அனுப்பிவிட்டு மற்றவர்களிடம் சொல்வதற்காக மேலேயே நின்றார்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அது சரிதான். நான் என்ன சொன்னேன் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. உங்கள் எழுத்தர், நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்துகொள்வதாகச் சொன்னார். நானே எழுதித் தருகிறேன் என்றேன். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நான் ஒன்று சொல்லி அவர் ஒன்று அடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது. அது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

நான் சுமை தூக்குகிறவன். முப்பத்தோரு வருடம் சிமெண்ட் மூட்டை, செங்கல், கம்பி. இடுப்பு தேய்ந்துபோன பிறகு, நாற்பத்தாறாவது வயதில், நூலகத்துப் பின்னறையில் நடந்த சாயங்கால வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் விரல் வைத்துத்தான் படிப்பேன். எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. மீதிப் பேருக்கு எழுத்து தெரிந்தாலும் அலுவலகக் கடிதம் புரியாது. அதனால் எந்தக் கடிதம் வந்தாலும் ஏழாம் மாடிக்கு என்னைத் தேடி வந்துவிடும். "வேகமா படிக்கிறவன் நடுவுல நாலு வரியை முழுங்கிடுவான். அண்ணன் விரல் வச்சுப் படிக்கிறாரு, ஒரு எழுத்து தப்பாது" என்று சொல்லி, ஆறாம் மாடிப் பெயின்டர்தான் என்னைக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்.

எங்கள் வளாகத்தில் முன் கட்டடம், பின் கட்டடம் என்று இரண்டு இருந்தன. இரண்டும் வீட்டு வசதி அலுவலகத்துடையவை. நாங்கள் பின் கட்டடம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் முன் கட்டடத்தில் தீ மணி அடித்தது. எல்லோரும் போட்ட துணியோடு இறங்கி வந்தார்கள். தீ எதுவும் இல்லை. மின்கம்பிகள் பழசாகிவிட்டன, பாதுகாப்பு இல்லை, இரண்டு நாளில் சரிசெய்து உள்ளே விடுகிறோம் என்றார்கள். மூன்றாம் நாள் வாசல் கேட்டை வெல்டிங் வைத்து அடைத்தார்கள். அந்த ஜனங்களை நகரத்துக்கு வெளியே தகரக் கொட்டகைகளில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். கட்டடம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைச் சுற்றி அடைத்த பலகையில், வரப்போகிற கண்ணாடி மாளிகையின் படம்.

பெயின்டர் அந்தப் படத்தின் முன்னால் என்னை நிறுத்திச் சொன்னார். "பாருங்கண்ணே, நாய்க்குக்கூட படத்துல இடம் குடுத்திருக்கான். நம்மள மாதிரி ஒரு மூஞ்சி எங்கயாவது இருக்கான்னு தேடிக் குடுங்க, டீ வாங்கித் தரேன்."

ஆகவே என் சந்தேகம் சும்மா வந்ததில்லை. அதன் பிறகு அளவு நாடாவோடு எவன் வந்தாலும் எனக்கு மூக்கு வியர்த்துவிடும். மீட்டர் பார்க்க வந்தவனை மாடி மாடியாகப் பின்தொடர்ந்திருக்கிறேன். சங்கத்தில் ஒரு விதி வைத்தோம். மணி அடித்தால் யாரும் இறங்கக் கூடாது. ஆள் இருக்கிற கட்டடத்தை யாராலும் பூட்ட முடியாது. அதற்குப் பிறகு நான்கு தடவை மணி அடித்தது. நான்கு தடவையும் யாரும் இறங்கவில்லை, நான்கு தடவையும் தீ இல்லை. ஆறாம் மாடியில் டெய்லரம்மா இருந்தார், பக்கவாதத்தில் படுத்த கணவரை வைத்துக்கொண்டு. மணி அடித்தால் அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டுத் தைத்துக்கொண்டிருப்பார்.

தகடுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவற்றை ஒட்டும்போது கூலிக்காக மாடிகளுக்குத் தூக்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே கறுப்பாக ரப்பர் மாதிரி ஒன்று. வெட்டி மீந்த துண்டுகளை அடுப்பில் போட்டுத்தான் வேலைக்காரர்கள் நாங்கள் டீக்குத் தண்ணீர் காய்ச்சுவோம். விறகு மாதிரிப் புகைந்து மக்கர் பண்ணாது. பட்டென்று பற்றிக்கொள்ளும், எண்ணெய் மாதிரிச் சொட்டும், சொட்டு விழுந்த இடமும் எரியும். நல்ல எரிபொருள் என்று பேசிக்கொண்டோம்.

ஒட்டி முடித்ததும் வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு அனுப்பினார்கள். சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து, ஒரு பைசா கட்டக் கூடாது என்றேன். நாற்பத்திரண்டு வீட்டிலிருந்தும் கை தூக்கினார்கள். டெய்லரம்மா இரண்டு கையையும் தூக்கினார். "ஒரு கை என் வீட்டுக்காரருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

தீப்பிடிப்பதற்கு ஆறு வாரம் முன்னால் தீயணைப்புத் துறையிலிருந்து ஒரு அம்மா வந்தார். எந்த வீட்டிலும் அவருக்குக் கதவு திறக்கவில்லை. ஏழு மாடியும் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு என் வாசலில் நின்றார்.

"என்னைப் பார்த்தா கதவெல்லாம் தானா சாத்திக்குது. நீங்க சொன்னா கேப்பாங்களாமே."

"கேப்பாங்க."

"அப்ப இதை வீட்டுக்கு ஒண்ணா குடுத்துடுங்க. படிச்சும் காட்டுங்க. வெளிய ஒட்டியிருக்கிற தகடு சரியில்லை ஐயா. நான் யாரையும் கிளப்ப வரல. எனக்கே இதை நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது."

நாற்பத்திரண்டு கட்டுகள், கட்டுக்கு மூன்று தாள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அலுவலக முகங்களை நான் நம்புவதில்லை. காலைப் பார்த்தேன். குதிகால் பக்கம் செருப்பு ஒரு ஓரமாகத் தேய்ந்து போயிருந்தது. வேலையே நடப்பதாக உள்ளவர்களுக்குத்தான் அப்படித் தேயும். இந்த அம்மா உண்மைதான் சொல்கிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நோட்டீஸே கொடுக்கவில்லை என்று அவர் மேல் இப்போது விசாரணை நடப்பதாகக் கேள்விப்பட்டேன். அது தவறு. அவர் கொடுத்தார். என்னிடம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். முதல் தாளில், மணி அடித்தால் உடனே வெளியேற வேண்டும், புகை தெரியாவிட்டாலும் வெளியேற வேண்டும் என்று இருந்தது. உங்கள் வீட்டிலிருந்து தரைவரை எத்தனை படி என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், கண் தெரியாவிட்டாலும் சுவரைத் தொட்டுக்கொண்டு இறங்கலாம் என்று இருந்தது. வாய்க்கு ஈரத்துணி. இரண்டாம் தாளில், தகடுகளைப் பிரிக்கவும் கட்டடத்தைப் புதிதாகக் கட்டவும் எல்லோரும் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று இருந்தது. தகட்டுப் பங்கில் பாக்கி இல்லாத வீட்டுக்காரர்களுக்கு, கிளம்புவதற்கு முன்பே, இதே இடத்தில் புதிய வீட்டு எண் போட்டு முத்திரைக் காகிதம் கொடுப்பார்கள். பாக்கி உள்ளவர்களுக்கு, அதைக் கட்டிய பிறகுதான். மூன்றாம் தாள் பாக்கிப் பட்டியல்.

பட்டியலில் ஒரே வரி இருந்தது. ஏழாம் மாடி, நான்காம் எண். என் வீடு.

திரும்பத் திரும்ப விரல் வைத்துப் பார்த்தேன். கை தூக்கிய நாற்பத்தொரு வீடும் கமுக்கமாகப் போய்க் கட்டியிருந்தது. பெயின்டர் கட்டியிருந்தார். டெய்லரம்மா இரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தது எதற்கு என்று அன்றுதான் விளங்கியது. எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கத்தியிருப்பேன். கத்தியிருந்தால் யாராவது அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் எல்லோரையும் கூட்டிப் படித்துக் காட்டினேன். வழக்கம்போல விரல் வைத்துத்தான் படித்தேன். 'உடனே வெளியேறவும்' என்ற இடத்தில் விரல் இருந்தது. 'வீட்டுக்குள்ளேயே இருக்கவும்' என்று வாய் சொன்னது. இரண்டாம் தாளுக்கு, 'காலி செய்கிறவர்களுக்குத் திரும்பி வர உரிமை கிடையாது' என்று சொன்னேன். மூன்றாம் தாளைப் படிக்கவில்லை.

பெயின்டர் தலையைச் சொறிந்தார். "அவங்களே உள்ள இருன்னு சொல்றாங்களா? இதுல ஏதோ இருக்கண்ணே."

"எனக்கும் அதான் சந்தேகம். ஆனா நமக்கு நல்லதுதானே."

"தாளை வீட்டுக்கு ஒண்ணு குடுக்க வேணாமா?"

"எதுக்கு, பூரி மடிக்கவா? அதான் படிச்சுட்டேனே."

சிரித்தார்கள், கலைந்தார்கள். கட்டுகளை என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அந்த அம்மா கீழே சுவரில் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸும் இரண்டு நாளில் உரிந்து விழுந்தது. மூலையை நான்தான் கொஞ்சம் எடுத்துவிட்டிருந்தேன்.

இதில் யாருக்கும் கெடுதல் செய்கிற எண்ணம் எனக்கு இல்லை. எல்லோரும் இருந்தால் நானும் இருக்கலாம். எல்லோரும் முத்திரைக் காகிதத்தோடு கிளம்பினால் நான் மட்டும் தகரக் கொட்டகைக்குப் போக வேண்டும். இவ்வளவுதான் கணக்கு.

அந்த ஆறு வாரமும் நானும் மனைவியும் தினம் ஒருமுறை படி இறங்கிப் பழகினோம். ஏழாம் மாடியிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு படிகள், மாடிக்குப் பதினாறு. முழங்காலுக்கு நல்லது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டு, இடது கையைச் சுவரில் வைத்து இறங்குவேன். டெய்லரம்மா ஒருநாள் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, புதுசா பொண்டாட்டி கையைப் பிடிக்க இது ஒரு சாக்கா?"

"பார்வை மங்குதும்மா. பழகிக்கிறேன்."

"கண்ணு போனா எங்களுக்கு யாரு கடுதாசி படிக்கிறது? நல்லா பார்த்துக்குங்க."

தீப்பிடித்தது ஒரு புதன்கிழமை, மதியம் மூன்று மணி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், அது ஒரு நல்லது. இரண்டாம் மாடியில் ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பிடித்ததாகப் பிறகு சொன்னார்கள். மணி அடித்ததும் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். தீ வெளிச்சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. சொட்டு சொட்டாகக் கீழே விழுந்தது, விழுந்த இடமும் எரிந்தது. அது எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும்.

மனைவிக்கு ஈரத்துண்டு கொடுத்துக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். ஆறாம் மாடித் தளத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள், காலில் செருப்பு மாட்டிக்கொண்டு. புகை வாசனை அங்கே வந்துவிட்டது.

"இவங்ககிட்ட சொல்லிட்டு ஒண்ணாப் போயிடலாம்" என்றாள் மனைவி.

"நீ எறங்கு, நிக்காத. நான் சொல்லிட்டு வரேன்."

அவள் திருப்பத்தில் மறைந்ததும் டெய்லரம்மா கேட்டார். "அண்ணே, நெசமாவே பத்திக்கிச்சா? இவரைத் தூக்கணும்னா ரெண்டு ஆளு வேணும்."

"குப்பையைக் கொளுத்தி வச்சிருக்காங்க. இத்தனை நாள் வெறும் மணி, இப்ப புகையும் சேர்த்துப் போடுறாங்க. கீழ லாரி தயாரா நிக்குது."

பெயின்டரின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீ எங்கப்பா ஓடுற?"

"வாசல் கேட்டுல நிக்கப் போறேன் பெரியவரே. வெல்டிங்காரன் உள்ள வரட்டும், பார்த்துக்கறேன்."

"அதானே. நீ நின்னா எவனும் வரமாட்டான்." அவர் செருப்பைக் கழற்றி, சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

கதவடியில் ஈரத்துணி வையுங்கள் என்று டெய்லரம்மாவிடம் சொன்னேன். "சரிண்ணே" என்று கதவைச் சாத்தினார். ஆறு கதவும் சாத்திய பிறகுதான் நான் நகர்ந்தேன். அங்கிருந்து தொண்ணூற்றாறு படிகள். நாற்பதாவது படிக்குப் பிறகு கண் தெரியவில்லை. சுவரில் கை இருந்தது, வாயில் எண்ணிக்கை இருந்தது. வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாம் மாடியோடு அணைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுவதா, அப்படி நினைத்துக்கொண்டேன் என்று எழுதுவதா என்று இங்கே கொஞ்ச நேரம் யோசித்தேன். முதலில் எழுதியதே இருக்கட்டும்.

பதினொரு பேர். எல்லோரும் ஆறாம், ஏழாம் மாடி. சாத்திய கதவுகளுக்குப் பின்னால், அடியில் துணி வைத்தபடி. கீழ் மாடிக்காரர்கள் தீயைக் கண்ணால் பார்த்து இறங்கிவிட்டார்கள். பெயின்டர் வேலைக்குப் போயிருந்தார், அதனால் இருக்கிறார். அவர் என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க சொல்லித்தான் பார்த்திருப்பீங்க, எங்கப்பா கேட்டிருக்க மாட்டாரு" என்றார். அழுகிறவனிடம் என்ன பேசுவது.

மீதி இருந்தவர்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். நான் சொன்னதுதான் கடைசியில் நடந்தது என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் வீட்டு வசதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விரல் வைத்துப் படித்தேன். தகடுகள் இப்போது இல்லாதபடியால் அவற்றின் பேரில் இருந்த தொகை பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது தள்ளுபடி செய்யப்படுகிறது, நிலுவை எதுவும் இல்லை, புதிய வீட்டுக்குத் தகுதி உண்டு என்று இருந்தது. கூடவே ஒரு படிவம். எந்த மாடி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தரைத்தளம் என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், இடுப்பு வலி என்று போட்டேன். கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். இப்போது நான் யாருக்கும் எதுவும் பாக்கியில்லை.