பட்டி பூசிய கன்னம்

"படுங்கோ! படுங்கோ!" பங்குச் சுவாமி கத்துகிறார். தூரத்தில் பீரங்கி குத்துகிற சத்தம். பிறகு செல் கூவி வருகிறது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. காது அடைத்துவிட்டது. மேலே மண்ணாய்க் கொட்டுகிறது.

இடையில் மன்னிப்புக் கேட்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்து ஒழுங்காக வராது. மறதியும் உண்டு. 2009, மாசி மாதம், வன்னி. பின்னேரம். தேதி நினைவில்லை. கோயிலுக்குள் இருந்தால் செல் அடிக்கமாட்டார்கள் என்றார்கள். போனோம். கோயிலுக்கே அடித்தார்கள்.

புகை அடங்க எழும்பினேன். பீடம் இல்லை. சின்ன மாதா சுரூபம் மண்ணுக்குள் கிடந்தது. ஒரு முழ உயரம். செல் துண்டு வலக் கன்னத்தைத் துளைத்திருந்தது. சீலையில் சுற்றி எடுத்தேன். அகதி முகாமிலும் வைத்திருந்தேன். மகன் சிட்னிக்குக் கூப்பிட்டபோதும் கொண்டுவந்தேன்.

2012. சிட்னியில் செவன் ஹில்ஸ். ஆவணித் திருநாளுக்கு எங்கள் தமிழ்ப் பூசைக் குழு மாதாவைக் கேட்டது. கொடுத்தேன். கன்னத்தில் பட்டி வைத்து அடைத்து, ரோஸ் நிறம் பூசி, திருநாள்வரை வீட்டில் வைக்கச் சொல்லித் திருப்பித் தந்தார்கள். குழுத் தலைவர் யேசுதாசன் சிரிக்கிறார்.

"இப்ப வடிவா இருக்கெல்லோ அன்ரி? ஓட்டையைப் பாத்தாச் சனம் அழும். கோயிலுக்குள்ள அரசியல் வேண்டாம்."

அரசியலாம்! வாங்கிக்கொண்டு வந்தேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது.

பக்கத்து வீட்டு ஹலினா போலந்துக்காரி. என் வயது. இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம். அந்த ஞாயிறு தங்கள் கோயிலுக்குக் கூட்டிப்போனா. பீடத்தருகே வெள்ளை சிவப்புக் கொடி. பூசை முடிய நாட்டுக்காக ஒரு பாட்டு. கிழவர்கள் விறைத்து நின்று பாடினார்கள். அங்கே ஒருவரும் அரசியல் என்று முணுமுணுக்கவில்லை. நடுவில் கறுத்த மாதா படம். கன்னத்தில் வெட்டுக் காயம்.

"வாளால வெட்டினவங்கள்," என்றா ஹலினா. "வரைபடத்தில எங்கட நாடே இல்லாத காலம் இருந்தது. அப்பவும் இவவுக்கு முன்னால எங்கட பாசையிலதான் செபம் சொன்னம். அதால மிஞ்சினம்."

அது அசல் படமில்லை. நகல். நகலிலும் அந்த வெட்டைத் தவறாமல் வரைந்திருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

வீட்டுக்கு வந்தேன். குசினிக் கத்தியால் பட்டியைச் சுரண்டி எடுத்தேன். திருநாளன்று நானே தூக்கிக்கொண்டு போனேன். யேசுதாசன் வாசலில் மறித்தார்.

"அன்ரி, உங்களுக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான். நீர் அந்தச் செல்லடிக்குள்ள இருந்தனீரோ? தள்ளும்!"

எல்லாரும் பார்த்தார்கள். பீடத்தில் வைத்தேன். ஒருவரும் தொடவில்லை.

துளைத்தவன்மேல் கோபம் இருக்கும்தானே. மூடினவர்கள்மேல் உள்ளதுதான் இன்னும் ஆறவில்லை.

அந்த வன்னிக் கோயிலுக்குள் எங்கள் வீட்டில் செத்தவர்கள்: என் புருஷன் அந்தோனிப்பிள்ளை. தங்கை மரியம்மா. அவள் பிள்ளைகள் சகாயம், றீட்டா. நாலு பேர். சகாயத்தின் உடம்பு கிடைக்கவில்லை. கோயில் மணியும் போனது. மற்றச் சனத்தை நான் எண்ணவில்லை. எண்ணுகிற நிலையில் யாரும் இல்லை. றீட்டாவுக்கு அப்போது ஆறு வயதா, ஏழா? தெரிந்தவர்கள் இருந்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். அவளுடைய வயதைப் பிழையாக எழுதக்கூடாது.