வேப்பிலை கட்டிய வீடு

"கையை எடுத்திடாதை, தலை விழுந்திடும்."

மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீற்றில் இருந்தவர் பெண்சாதியிடம் சொன்னார். அவள் அவருடைய நாடியை உள்ளங்கையில் தாங்கியிருந்தாள்.

"தசைப் பலவீனத்துக்குக் குளிசை போட்டு நிமிர்ந்த கழுத்து. ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"பிள்ளைக்கு அம்மாள் வருத்தம், உடம்பெல்லாம் கொப்புளம். வேப்பிலை கட்டின வீட்டில இங்கிலீசு மருந்து கூடாதெண்டு நீதானே சொன்னனீ."

"அது அவளுக்கு! உங்கட குளிசை நோயெதிர்ப்பைக் குறைக்கும், வருத்தக்காரருக்குக் கிட்டப் போகாதேங்கோ எண்டு டொக்டர் சொன்னவரெல்லே. அவளைத் தொட்டனீங்களோ?"

"காய்ச்சலில அழுதவள். தூக்கி வச்சிருந்தனான்."

துறைமுகம் தெரிந்தது. அவர் சேட்டுப் பொத்தானைக் கழற்றினார்.

"இதைப் பார். காலமைதான் கண்டனான்."

நெஞ்சில் இரண்டு நீர்க்கொப்புளங்கள். அவளுடைய கை நடுங்கியது. அந்தக் கையில் இருந்த தலையும் நடுங்கியது.