ராமையா டாட் எம்.வை.

ராமையா: அப்ப என் பேரு கெடைக்காதுங்கிற?

ஜெயபாலன்: கெடைக்காதுன்னு சொல்லலயே மாமா… உங்களுக்கு எதுக்குன்னுதான்…

ராமையா: போன வாரம் பொண்ணு பாக்க வந்தப்ப நீதான தம்பி சொன்ன? கம்ப்யூட்டர்ல நம்ம நாட்டுக்குன்னு புதுசா ஒரு பேரு வந்திருக்கு, டாட் எம்.வை.ன்னு!

ஜெயபாலன்: வந்திருக்கு, நெசந்தான். ஐ.சி. கார்டுல நம்ம பேருக்குப் பின்னால அப்பா பேரு வருதில்ல, அந்த மாதிரி அங்க நாட்டுப் பேரு வரும்.

ராமையா: அப்ப நான் மலேசியாவுக்கே மகன்! போடு, ராமையா டாட் எம்.வை.

ஜெயபாலன்: அதெல்லாம் யூனிவர்சிட்டிக்கு மாமா. உங்ககிட்ட லோரிதான இருக்கு… கம்ப்யூட்டர் எங்க?

ராமையா: அத அப்புறம் வாங்கிக்கலாம் லா! மொதல்ல கேக்கிறவனுக்குத்தான் பேருன்னியே. நாலும் ஒம்போதா வர்ற லோரி நம்பர் வந்தப்ப, நாளைக்குப் போலாம்னு இருந்தேன். கடைக்காரன் பிச்சைமுத்து விடியறதுக்குள்ள ஈப்போ ஆபீசுல போயி நின்னு வாங்கிட்டான். இன்னிக்கும் நம்ம சுங்கை சிப்புட்ல என்னைப் பாத்தா ஹாரன் அடிக்கிறான்!

நவமணி: அப்பா, அவரு கல்யாணத்துக்குப் பதில் கேட்டு வந்திருக்காரு. நீங்க என்னடான்னா…

ராமையா: பதிலத்தான் சொல்றேன். பேரு எனக்குத்தான்னு ஒரு கடுதாசி. நாளைக்குக் கையில இருந்தா, தையில கல்யாணம்.

ஜெயபாலன்: நாளைக்கா! அப்படி என்ன மாமா அவசரம்?

ராமையா: அவசரம்லாம் ஒண்ணுமில்ல… கம்ப்யூட்டர் ஆபீசர் நீ. ஒரு கையெழுத்துதான?

ஜெயபாலன்: அது வந்து மாமா…

நவமணி: சொல்லிருங்க.

ராமையா: என்னத்த?

ஜெயபாலன்: நான் ஆபீசர் இல்ல மாமா. யூனிவர்சிட்டி கம்ப்யூட்டர் ரூமைக் குளுகுளுன்னு வைக்கிற ஏர்கோன் மெஷினப் பாக்குறவன். கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது… அங்க பேசுறது காதுல விழும், அவ்ளோதான்.

ராமையா: ஏர்கோனா?

ஜெயபாலன்: தரகர்தான் கம்ப்யூட்டர் ரூம்ல வேலைன்னாரு. நவமணியப் பாத்தப்புறம்… இல்லன்னு சொல்ல பயமாப் போச்சு.

நவமணி: எனக்குத் தெரியும்ப்பா. கை கழுவ வந்தப்பவே எங்கிட்ட சொல்லிட்டாரு. எனக்குச் சம்மதம்.

ராமையா: உன் சம்மதம் கெடக்கட்டும்… ஐயோ, ஏர்கோனா!

நவமணி: அதுக்கு ஏன் தலையில கைய வச்சுக்கிட்டு… ஆமா, காலையில லோரி எடுத்துக்கிட்டுப் போனவரு ஏன் நடந்து வந்தீங்க?

ராமையா: நடந்தா ஒடம்புக்கு நல்லது லா…

ஜெயபாலன்: மாமா? லோரி எங்க?

ராமையா: போலீஸ் ஸ்டேஷன்ல. நம்பரக் கழட்டிட்டு, ‘ராமையா டாட் எம்.வை.’ன்னு புது பிளேட்டு மாட்டி, பிச்சைமுத்து கடை முன்னால ரெண்டு ரவுண்டு போனேன்… மடக்கிட்டாங்க. பேரு குடுத்த ஆபீசரே என் மருமகன்தான், நாளைக்குக் கூட்டியாரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். காலையில டை கட்டிக்கிட்டு வந்துருங்க மாப்ள… அங்க மட்டும் ஏர்கோன் பேச்சை எடுத்துராதீங்க!