பத்துப் பக்கம் பின்னால்

மனித அறிவின் வீழ்ச்சி புத்தகத்தில் பக்க அடையாளமாக வைக்கும் அரையங்குல ரிப்பனில்தான் தொடங்கியது என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவன் நான். கல்லூரிச் சுவர் இதழில் இதுபற்றி மூன்று வாரம் எழுதினேன். விட்ட இடம் நினைவில்லாதவன் படித்தவனே அல்ல.

பக்கத்து வீட்டில் இருக்கும் பெரியப்பா மகள் தேவிப்ரியா அக்கா இதற்கு நேர் எதிர்க்கட்சி. திருச்செங்கோட்டில் அவர்கள் சாப்பாட்டு மேசைதான் பட்டறை. இளம்பிள்ளையிலிருந்து ரிப்பனுக்காகச் சேலைக்கரைத் துண்டுகள் வாங்கி வருவாள். கெட்டி அட்டைப் புத்தகத்தை விரித்தால் முதுகுப்பக்கம் ஒரு சந்து திறக்கும். ரிப்பன் நுனியைக் காகிதப் பட்டையில் ஒட்டி, பசை தடவி, அதற்குள் செருகுவாள். ஊரே புத்தகம் கொடுத்தனுப்பியது. பெரும்பாலும் பரிசாக வந்து, யாரும் பிரிக்காத புத்தகங்கள். ஆளில்லாத வீட்டுக்கு அழைப்பு மணி.

பெரியப்பா அர்த்தநாரி லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். முந்நூறு லாரி நம்பர் மனப்பாடம். லேசான பக்கவாதம் வந்து தேறியதும் ஒரு தடித்த நாவலைப் பிடித்துக்கொண்டார். அக்கா அதற்குப் பச்சை ரிப்பன் வைத்தாள். அடுத்த மாதம் அவள் பெங்களூரில் வேலைக்குச் சேர வேண்டும். பெரியம்மா இல்லாத வீடுதான், ஆனாலும் அவர் தனியாகச் சமாளிப்பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவர் படிக்கவில்லை, ரிப்பனைத்தான் நகர்த்துகிறார் என்று எனக்குச் சந்தேகம். மத்தியானம் அவர் சாப்பிடப் போனபோது ரிப்பனைப் பத்துப் பக்கம் பின்னால் வைத்தேன்.

மறுநாள் கேட்டார். "ஏஞ்சாமி, கதைல இந்தக் கணக்குப்பிள்ளை நேத்தே செத்துப்போனானே? இன்னைக்கு உக்காந்து டீ குடிக்கறான்?"

"நேத்து நீங்க அதுவரைக்கும் படிக்கவே இல்லீங்க பெரியப்பா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஒரு தடவை செய்வது சோதனையாகாது. இருபத்தாறு நாள் செய்தேன். கணக்குப்பிள்ளை நாலு முறை செத்தார். மகள் ஒட்டிய ரிப்பன் தப்பாக இருக்காது, தன் தலைதான் தப்பு என்று பெரியப்பா முடிவுக்கு வந்தார். ஸ்கூட்டர் சாவியை அவரே அக்காவிடம் கொடுத்தார். லாரி நம்பர் சொல்வதை நிறுத்தினார். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அதைச் சாப்பிட்ட பிறகு நிஜமாகவே கொஞ்சம் மறதி வந்தது. அதற்கு நான் பொறுப்பல்ல.

அக்கா பெங்களூருக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

"அதே பக்கத்த நாலு தடவ படிக்கறாருடா, அறிவு. எப்படீடா உட்டுட்டுப் போவேன்?"

"ரிப்பன் வச்சா அப்படித்தான் ஆகும்."

"உன் வாய்க்குத்தான்டா மொதல்ல பசை தடவோணும்."

அழுதுகொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இப்போது பெரியப்பா புத்தகத்தைத் தொடுவதில்லை. அக்கா கேட்டுக்கொண்டதால் சாயங்காலம் நான் போய் வாசித்துக் காட்டுகிறேன். "எங்க உட்டோஞ் சாமி?" என்று தினமும் என்னைத்தான் கேட்கிறார். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னாலும் மறந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆகவே அவசரமில்லை.

நேற்று நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நிறுத்தினேன். ரிப்பனை நீவி உள்ளே வைத்தேன். யாராவது நகர்த்திவிட்டால் என்ன செய்வதென்று, பக்க எண்ணை உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டேன்.