பதினான்கு மில்லிமீட்டர்

நிறங்களைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. கட்டிக்கு மஞ்சள், ரத்தக் குழாய்களுக்குச் சிவப்பு, பேச்சுக்கு நீலம். பன்னிரண்டு வருடமாக இந்த மருத்துவமனையில் மூளை ஸ்கேன்களை வைத்து அறுவைக்கு வரைபடம் போட்டுத் தருகிறேன். யாராவது பேச்சுக்குப் பச்சை கொடுத்துவிட்டால் அன்று முழுக்க எனக்கு மனசு ஆறாது. "சட்டைக்குப் பொருத்தமா ஒரு பேன்ட் எடுக்கத் தெரியல, மூளைக்கு கலர் அடிக்கிறாராம்" என்று என் மனைவி கேலி செய்வாள். அவள் ஒரு பஸ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிறவள். கத்திக்கொண்டு கூப்பிடுகிறவன் சிரித்துக்கொண்டு வைப்பான்.

அவளுடைய அக்கா எழுதிக்கொடுத்த மனுவை எதிரே வைத்துக்கொண்டு விசாரிக்கிறீர்கள். இவ்வளவு சிரமம் வேண்டியதில்லை. கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

ஒரு நாள் கரண்டியைக் காட்டி "அந்தச் சாவிய எடுங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த வாரம் பஸ் நிறுத்தத்தில் வலிப்பு வந்து விழுந்தாள். மூளையின் இடப்பக்கத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. மெதுவாக வளர்கிற ரகம், எடுத்துவிட்டால் பல வருடம் நன்றாக இருக்கலாம். சொந்தக்காரர்களின் படத்தை நாங்கள் தொடக் கூடாது என்று விதி இருக்கிறது. பெரிய டாக்டர்தான், "விதிய அப்புறம் பாத்துக்கலாம். உங்கள விட்டா இதுக்கு ஆள் ஏது?" என்றார். அவளும், "நீங்களே பண்ணுங்க. உங்க வேலையில மட்டும் நான் குத்தம் சொன்னதில்ல" என்றாள்.

எங்களிடம் இருப்பதிலேயே நுணுக்கமான ஸ்கேன் மெஷினில் ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தாள். திரையில் படங்கள் வரும். அவற்றின் பெயரை மனசுக்குள் சொல்ல வேண்டும். சொல்லும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று எங்களுக்குத் தெரியும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவளுடைய வார்த்தைகள் பிறக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் பால்கனியில் நின்று அக்காவோடு போனில் பேசினாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆபரேஷன் முடிஞ்சு தையல் பிரிக்கட்டும்க்கா. அவர் முகத்தப் பாத்துச் சொல்லிட்டுத்தான் வருவேன். ஒம்பது வருஷம் கூட இருந்தாச்சு, சொல்லாமக் கொள்ளாம ஓடி வர்றது எனக்குப் பிடிக்கல. இல்லக்கா, இனிமே முடியாது. மூச்சு முட்டுது."

நான் கை நீட்டியவன் இல்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள், பத்து நிமிடம் ஏன் தாமதம் என்று தெரிந்துகொள்ள விரும்புவேன், அவ்வளவுதான். அதற்கு அக்கறை என்று பெயர். அந்தப் பேச்சைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. காலி வீட்டுக்குள் சாவி போட்டுத் திறந்து நுழைகிற பயம். மடித்த துணியை அலமாரியில் வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மறுநாள் மதியம் மூன்று பத்துக்கு வரைபடத்தை முடித்தேன். கட்டிக்கும் பேச்சு நரம்புக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர். அதுதான் உண்மை. நீங்கள் கண்டுபிடித்த முதல் கோப்பு அது.

நரம்பு இழைகளை ஸ்கேன் நேராகப் படம் பிடிப்பதில்லை. மூளைக்குள் நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக் கணினி ஊகித்து வரைகிறது. எவ்வளவு உறுதியாக இருந்தால் ஓர் இழையைக் காட்டலாம் என்பதற்கு ஓர் எண் உண்டு. அதை வைப்பது என் வேலை. எண்ணைக் கூட்டினால் மெல்லிய இழைகள் மண்டைக்குள் இருக்கும், படத்தில் இருக்காது. நாலு இருபத்தைந்துக்கு அந்த எண்ணைக் கூட்டினேன். கட்டியை ஒட்டியிருந்த நீலம் மறைந்து, மிச்ச நீலம் பதினான்கு மில்லிமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அது இரண்டாவது கோப்பு. நான் பொய்யாக ஒரு கோடுகூட வரையவில்லை.

வரைபடத்தை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். என்னோடு வேலை செய்கிறவனை மின்னல் என்று கூப்பிடுவோம், கையெழுத்துப் போடுவதில் மட்டும்தான் மின்னல். "சொந்தப் பொண்டாட்டிக்குப் போட்டிருக்கீங்க. இதுல நான் என்னண்ணே பாக்கப் போறேன்?" என்று பேனாவை எடுத்தான். அவன்மேல் பழி போடாதீர்கள், நல்ல பையன்.

இரண்டு மில்லிமீட்டர் என்றால் நோயாளியை நடுவில் எழுப்பிப் பேச வைத்துக்கொண்டே வெட்டுவார்கள். பேச்சு தடுமாறினால் கத்தி நின்றுவிடும். பெரிய டாக்டர் படத்தைப் பார்த்து, "பதினாலா? அப்ப எழுப்ப வேண்டாம். தூங்கட்டும், சுத்தமா வழிச்சு எடுத்துடலாம்" என்றார்.

அறுவை தொடங்கி இரண்டு மணி நேரத்தில் தியேட்டரிலிருந்து என் மேஜைக்குப் போன் வந்தது.

"கட்டிய எடுத்துட்டேன். சுத்தி இன்னும் கொஞ்சம் எடுக்கலாம்னு பாக்கறேன். எனக்கென்னவோ பேச்சு நரம்பு கிட்டக்க இருக்கற மாதிரி தோணுது. ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

திரையில் இரண்டு கோப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. 'நிறுத்துங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மூச்சு விடுவது போனில் கேட்டது. நான் உண்மையிலேயே இன்னொரு தடவை அளந்தேன்.

"பதினாலுதான் சார்."

"சரி" என்று வைத்துவிட்டார்.

கட்டி மிச்சம் மீதியில்லாமல் போய்விட்டது. இதை யாரும் மனுவில் எழுதவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள். நாம் பேசுவதெல்லாம் புரிகிறது, நடக்கிறாள், கண்ணாடி பார்க்கிறாள். பேச வரவில்லை, எழுதவும் வரவில்லை. நான் குளிப்பாட்டி, தலை வாரி, ஊட்டிவிடுகிறேன். இவ்வளவு நன்றாக யார் பார்த்துக்கொள்வார்கள்? அக்கா வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அழுதாள். "அவ வாயால சொல்லட்டும், இன்னைக்கே அனுப்பி வெக்கறேன்" என்றேன். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் கோணியது, சத்தம் வரவில்லை. தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு அக்கா போய்விட்டாள்.

போன வாரத்திலிருந்து ஒரே ஒரு வார்த்தை திரும்பியிருக்கிறது. இந்த மாதிரி நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை மட்டும் ஒட்டிக்கொள்வது உண்டு, அதற்குப் பொருள் தேடக் கூடாது. மாத்திரை கொடுத்தாலும் அதையே சொல்கிறாள், தலை வாரினாலும் அதையே சொல்கிறாள். "போறேன்" என்கிறாள். இன்று காலையும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்கு வந்தேன்.