பிஸ்தா கலர் சுவர்

உன் சுவருக்கு மட்டும் கோட்டு மாட்டிக்கிட்டே, மேல என் குழந்தை ஈரச் சுவத்தோட படுத்து இருமிச் சாகுதுன்னு மாடிப்படியில நின்னு கத்தினியே ஸ்னெஷானா, வாயை மூடிக்கிட்டுப் போனேன்ல? இப்ப பேச வந்திருக்கேன். கதவைத் திற. மாட்டியா? சரி, வெளியிலேயே நிக்கறேன். என் குரல் எந்தக் கதவையும் தாண்டும்.

ஆமா, எங்க வீட்டுக்கு மட்டும்தான் வெளிச்சுவத்துல குளிருக்குத் தெர்மோகோல் ஒட்டினோம். இந்த சோஃபியா ஊர்ல யாருதான் அப்படி ஒட்டல? முடிஞ்சவன் அவனவன் சன்னலைச் சுத்தி ஒட்டிக்கிட்டான். எங்களது பிஸ்தா, ரெண்டாவது மாடி ரோஸ், மத்ததெல்லாம் வெறும் கான்கிரீட்டு. தெருவுல இருந்து பார்த்தா ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி நிக்குது நம்ம கட்டடம்.

என்ன? அரசாங்கம் இலவசமா முழுக் கட்டடத்தையும் போர்த்தி விடறேன்னதா? மறப்பேனா. எல்லா வீட்டுக்காரங்களும் நோட்டரிகிட்டக் கையெழுத்துப் போட்டாத்தான் உண்டுன்னாங்க. ஒண்ணு குறைஞ்சுது. அந்தப் பணம் எதிர்க் கட்டடத்துக்குப் போயிடுச்சு. அங்க ஹீட்டரைக் குறைச்சு வச்சும் பனியனோட உக்காந்திருக்காங்களாம்.

அய்யோ, கீழ் வீட்டு டோய்ச்சினைத் திட்டாதேடி. குடிப்பான், பாடுவான், அது வேற. அவன் கதவுல எவனோ துப்பிட்டுப் போயிருக்கான். காலையில நான்தான் தொடைச்சேன். எனக்கென்ன தலையெழுத்தா? கேளு.

என் பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைச்சு அடுப்படி ஆக்கியிருக்கேன்ல? குடைமிளகாய் வாட்டறதெல்லாம் அங்கதான். வருஷா வருஷம் உனக்குக்கூட ஒரு ஜாடி தருவேனே. அளக்க வந்த இன்ஜினியர் அதைப் பிரிக்கணும்னுட்டான். எனக்கு வந்ததே ஆத்திரம். ஏற்கெனவே எங்க வீடு கதகதன்னு இருக்கு, ஊருக்காக என் அடுப்படியை நான் ஏன் இழக்கணும்?

கட்டடத்துக்கு செக்ரட்டரி யாரு? எங்க வீட்டுக்காரர்தானே. நாங்க போடாததை மறைச்சு, கேட்டவங்ககிட்ட டோய்ச்சின் போடலைன்னுட்டார். குடிகாரன் பேச்சை யாரு நம்புவாங்கன்னு என்கிட்டச் சிரிச்சார். நானும் சிரிச்சேன். முதல் ஆளாப் போய்க் கையெழுத்துப் போட்டவன்டி அவன். அன்னைக்கு ஷேவெல்லாம் பண்ணிக்கிட்டுப் போனான்.

ஸ்னெஷானா?

சாயங்காலம் கூட்டம். மறுபடி மனு போடலாமாம். நான் எழுந்து சொல்லத்தான் போறேன். அதுக்கு முன்னாடி அவன் வீட்டுக்குப் போகணும். தனியாப் போகக் கால் வரல.

உன் பொண்ணு இருமறது கேட்குது. நீ கதவுகிட்டத்தான் நிக்கறே. கீழ வரைக்கும் கூட வாயேன்.